‘விரியன்’ என்னும் சொல்: பாம்புக்கடி குறித்த இணையவழித் தமிழ் மருத்துவத் தகவல்களின் தரம் – ஒரு மதிப்பீடு

முன்னுரை

மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில், 1978இல் தொடங்கப்பெற்ற இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் இயங்கி வருகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் எடுத்து, நச்சுமுறி மருந்து உற்பத்தியாளர்களுக்கு அச்சங்கம் வழங்குகிறது. செங்கல்பட்டு மாவட்ட இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவரும் 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர். நச்சுமுறிக்கு மூலப்பொருள் தரும் இந்நிலத்தின் மொழியில், பாம்புக்கடி பற்றிப் பொதுமக்களுக்குக் கிடைக்கும் இணையத் தகவலின் தரத்தை எதைக் கொண்டு மதிப்பிடுவது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வினாவின் தேவை வெளிப்படையானது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என 2020இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களுள் சேர்த்தது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் அதனை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது.

அளவுகோல்களும் அவற்றின் எல்லையும்

இணைய மருத்துவத் தகவலை மதிப்பிட அமெரிக்க மருத்துவச் சங்க இதழ் 1997இல் நான்கு கூறுகளை முன்வைத்தது. எழுதியவர் யார், சான்று எது, நிதி யாருடையது, நாள் எது என்பன அவை. 1999இல் வெளியான ‘டிசர்ன்’ கருவி, சிகிச்சை பற்றிய எழுத்துகளைப் பதினாறு வினாக்களால் அளக்கிறது. இவை பயனுடையனவே. ஆயினும், எழுதியவரும் நாளும் சான்றும் முறையாகத் தரப்பட்ட ஒரு பக்கம், தன் சொல்லாலேயே வாசகரைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லுமாயின், அதனை இவ்வளவுகோல்கள் கண்டறிவதில்லை.

விரியன் என்னும் சொல்

‘விரியன் கடித்தால் கடிவாய் வீங்கும், இரத்தம் கசியும்’ என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். விலங்கியலார் விரியன் குடும்பம் எனச் சுட்டும் கண்ணாடி விரியனுக்கும் சுருட்டை விரியனுக்கும் இது பொருந்தும். ஆனால் தமிழில் ‘விரியன்’ எனப் பெயர் பெற்ற மூன்றாவது பாம்பான கட்டுவிரியன், நல்ல பாம்பின் குடும்பத்தைச் சார்ந்தது. அதன் நஞ்சு நரம்பைத் தாக்குவது. பெரும்பாலும் இரவில், தரையில் உறங்குவோரைக் கடிக்கும். கடிவாயில் வலியோ வீக்கமோ பெரிதாகத் தோன்றாது. வயிற்றுவலி, இமை சரிதல், விழுங்க இயலாமை எனத் தொடங்கி மூச்சுத் தசைகள் செயலிழப்பதில் முடியலாம். மேற்கண்ட தொடரைப் படித்த குடும்பத்தார், வீக்கம் இல்லாமையைக் கண்டு, கடித்தது விரியன் அன்று என ஆறுதல் கொண்டு விடியும்வரை காத்திருக்கக்கூடும். மூலமொழியில் பிழையற்ற செய்தி, தமிழில் பிழையாகும் இடம் இது.

நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் ஒரே நச்சுமுறி மருந்தே இந்தியாவில் பயன்படுவதால், பெயர்க் குழப்பம் பொருட்படுத்தத்தக்கதன்று எனச் சிலர் கருதலாம். மருத்துவமனைக்குள் அது ஓரளவு உண்மை. ஆனால் இணையத் தகவலின் பணி, நோயாளி மருத்துவமனையை அடையும் முன்னரே முடிந்துவிடுகிறது. புறப்படுவதா, காத்திருப்பதா என்னும் முடிவை அத்தகவலே வடிவமைக்கிறது.

கட்டும் பூச்சியும்

இத்தகைய இடர் வேறு சொற்களிலும் உண்டு. கடிபட்ட உறுப்பை, எலும்பு முறிந்த உறுப்பைப் போல அசையாமல் தாங்கவைக்க வேண்டும். குருதியோட்டம் தடைப்பட இறுக்கக் கூடாது என்பது இன்றைய மருத்துவ அறிவுரை. தமிழிலோ இரண்டுமே ‘கட்டு’தான். ‘கட்டுப் போடவும்’ என்னும் சுருக்கக் குறிப்பு, கயிற்றால் இறுக்கும் பழைய பழக்கத்திற்கே இசைவு தருவதாக முடியும். மேலும், பாம்பின் பெயரைச் சொல்லத் தயங்கிப் ‘பூச்சி’ எனச் சுட்டும் வழக்கு தமிழ் ஊர்களில் உண்டு. அவ்வழக்குடையார் ‘பூச்சிக்கடி’ எனத் தேடினால் கொசு, எறும்பு பற்றிய குறிப்புகளை அடையவே வாய்ப்பு மிகுதி.

முடிவுரை

எனவே, தமிழ் மருத்துவத் தகவலின் தரத்தை அளக்க, முன்கூறிய நான்கு கூறுகளோடு ஐந்தாவதாகச் சொல்லையும் சேர்க்க வேண்டும். பயன்படுத்தப்பட்ட சொல் வாசகர் வழக்கில் எதைக் குறிக்கிறது என்பதே அவ்வினா. இதற்கு விடை காண மருத்துவர் மட்டும் போதார். வட்டார வழக்கை ஆய்வோரும், பாம்புகளை நேரில் அறிந்த இருளர்களும் உடனிருந்து சரிபார்த்தல் வேண்டும். ‘விரியன்’ எனப் பொதுப்படக் கூறாது ஒவ்வொரு பாம்பின் முழுப்பெயரையும் வழங்குதல், ‘வீக்கம் இல்லாவிடினும் உடனே மருத்துவமனைக்குச் செல்க’ என்பதை முதல் வரியாக வைத்தல் ஆகிய இரண்டும் இன்றே செய்யத்தக்க திருத்தங்கள். சொல்லாய்வை இலக்கியப் பனுவல்களோடு நிறுத்திக்கொள்ளும் தமிழ்த்துறைகள், உயிர்காக்கும் இப்பணியையும் தம் ஆய்வுக்களமாக ஏற்றல் வேண்டும்.