ஓரக்குறிப்பே சாட்சி

தாம்பரம், பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் பூர்வீகம் தேடுகிறவர்களிடம் ஒரு நம்பிக்கையைப் பார்க்கிறேன். கோயிலில் பழைய ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும். சாமியாரிடம் கேட்டுப் புரட்டினால், குடும்பத்தில் திரும்பத் திரும்ப வரும் பெயரைப் பிடித்துக்கொண்டே இருநூறு ஆண்டு பின்னால் போய்விடலாம் என்பது அது. இதில் பாதிதான் சரி. பதிவேட்டை நம்பலாம். பெயரை நம்பிப் போனால் வழி தவறும்.

பதிவேட்டைக் கொண்டு இப்படிப் பின்னால் போக முடியும் என்பதற்கு நல்ல உதாரணம் கனடாவின் கியூபெக். அங்கே சிப்ரியன் தாங்கே என்ற பாதிரியார் பங்குப் பதிவேடுகளைக் கொண்டு பிரெஞ்சுக் குடும்பங்களின் வம்சாவளி அகராதியை 1871 முதல் 1890 வரை ஏழு தொகுதிகளாக வெளியிட்டார். மான்ட்ரியால் பல்கலைக்கழகம் 1966இல் தொடங்கிய மக்கள்தொகை வரலாற்றுத் திட்டம் அதே பதிவேடுகளைக் கணினியில் ஏற்றிக் குடும்பம் குடும்பமாகக் கோத்தது. பெயர்க் குழப்பம் அங்கேயும் குறைவில்லை. ஆண் குழந்தைகள் பலருக்கு ஜோசப், பெண் குழந்தைகள் பலருக்கு மேரி என்று முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றப் பெயரைச் சேர்த்தார்கள். சிப்பாய்களின் பட்டப்பெயர் குடும்பப் பெயரோடு ஒட்டிக்கொண்டு, ஒரே வம்சத்தின் இரண்டு கிளைகள் இரண்டு பெயரில் வளர்ந்ததும் உண்டு. இருந்தும் அந்த வேலை வென்றதற்குக் காரணங்கள் உண்டு. மணமான பெண்ணும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே பதிவானாள். திருமணப் பதிவில் இரு தரப்புப் பெற்றோரின் பெயரும் இடம்பெற்றது. பதிவேட்டின் இரண்டாம் பிரதி நீதிமன்றத்துக்குப் போனது. ஒரு கோயில் எரிந்தாலும் ஒரு ஊரின் நினைவு எரியவில்லை.

நம் பக்கம் வருவோம். தமிழ்க் கத்தோலிக்கருக்குப் பெரும்பாலும் குடும்பப் பெயரே கிடையாது. சூசை, ராயப்பன், சின்னப்பன், அருளப்பன், சவரிமுத்து, ஆரோக்கியசாமி, அந்தோணி என்று ஒரு சிறு வட்டத்துக்குள்தான் பெயர்கள் சுற்றுகின்றன. தாத்தா பெயரைப் பேரனுக்கு இடுவதால் சூசை மகன் ராயப்பன், ராயப்பன் மகன் சூசை என்று தலைமுறைகள் மாறி மாறி வரும். ஒரே பங்கில் ஒரே காலத்தில் இப்படி நான்கைந்து சூசைகள் இருப்பதில் வியப்பில்லை. எழுதிய சாமியார் லத்தீனில் எழுதியிருந்தால் ராயப்பன் பெத்ருஸ் ஆகிவிடுவார். வீட்டில் கூப்பிட்ட பெயர் பதிவேட்டில் ஏறியே இருக்காது. கியூபெக்கில் கணவன், மனைவி இருவர் பெயரையும் சேர்த்துத் தேடினால் அநேகமாக ஒரே தம்பதிதான் கிடைப்பார்கள். சூசை, ஆரோக்கியமேரி என்று இங்கே தேடினால் யார் யாரோ கிடைப்பார்கள். மணமக்களோடு அவர்களுடைய பெற்றோர் நால்வரின் பெயரும் பொருந்தாத வரை எந்த இணைப்பையும் நான் ஏற்க மாட்டேன்.

பெயர் ஒரு வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்கிறது: காலத்துக்கு எல்லை போடுகிறது. லூர்து நகரில் மாதா காட்சி தந்ததாகச் சொல்லப்படுவது 1858இல். ஆகவே லூர்துசாமி, லூர்துமேரி என்ற பெயருள்ள முன்னோரை அதற்கு முந்தைய பதிவேட்டில் தேடுவது வீண். பாத்திமா மாதாவின் பெயரைத் தாங்கிய பாட்டி 1917க்குப் பிறகுதான் பிறந்திருக்க முடியும்.

ஐரோப்பியப் பெயருள்ள குடும்பங்களில் இதைவிடப் பெரிய பிழை நடக்கிறது. பெரைரா, டி குரூஸ், பெர்னாண்டோ என்று பெயர் இருந்தால் ஒரு போர்த்துகீசிய முப்பாட்டன் இருந்தே தீரவேண்டும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530களில் ஆயிரக்கணக்கில் திருமுழுக்குப் பெற்றபோதே போர்த்துகீசியப் பெயர்களை ஏற்றவர்கள். அந்தப் பெயர் எந்தச் சபையில் ஞானஸ்நானம் நடந்தது என்பதற்குச் சான்று. ரத்த உறவுக்குச் சான்று அல்ல.

மெட்ராஸ் பீரங்கிப் படையின் தலைமையிடமாக இருந்த பரங்கிமலையிலும் கன்டோன்மென்ட் ஊரான பல்லாவரத்திலும் வேரூன்றிய ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு வேறொரு வசதி உண்டு. மெட்ராஸ் மாகாணக் கோயில்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகள் 1698 தொடங்கி 1948 வரை நகலெடுக்கப்பட்டு லண்டனுக்குப் போயின. இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. கத்தோலிக்கக் கோயில்களின் நகல்கள் 19ஆம் நூற்றாண்டில்தான் சேர்ந்தன, அவையும் முழுமையாக இல்லை. இந்த நகல்கள் யாருக்காக எடுக்கப்பட்டன என்பதை மறக்கக்கூடாது. அவை முதன்மையாக ஐரோப்பியர், ஐரோப்பிய வழிவந்தவர் ஆகியோரின் கணக்கு. தந்தை படைவீரர் என்றால் அவருடைய பதவியும் படைப்பிரிவும் இருக்கும். தாய் இந்தியப் பெண் என்றால் பல பதிவுகளில் ஒற்றை ஞானஸ்நானப் பெயர் மட்டும் இருக்கும். சிலவற்றில் அதுவும் இருக்காது. அவளுடைய அப்பா யார், ஊர் எது என்று கேட்டால் பதில் இல்லை. அரசியலமைப்பின் 366(2) பிரிவும் ஆங்கிலோ இந்தியரை ஆண்வழியாகவே வரையறுக்கிறது. ஆக, இந்தத் தேடலில் கிடைப்பது பாதிக் குடும்பம். அதை முழு வம்சாவளி என்று சட்டம் போட்டு மாட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பரங்கிமலையில் பிள்ளை பெற்று வளர்த்த பெண்களை இரண்டாம் முறை அழிப்பதாகும் அது.

அப்படியானால் எதை நம்புவது? முதலில் ஓரக்குறிப்பை. 1907இல் ரோம் வெளியிட்ட ஆணை ஒன்று, திருமணம் எங்கே நடந்தாலும் மணமக்கள் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தகவல் அனுப்பி, அங்குள்ள பதிவுக்குப் பக்கத்திலேயே குறிக்கச் சொன்னது. 1908 ஈஸ்டரிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. தாம்பரத்துக்கு இது எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். 1931இல் கடற்கரையிலிருந்து மின்சார ரயில் வந்தது. 1937இல் கிறிஸ்தவக் கல்லூரி வந்தது. இந்தப் புறநகர் வளர்ந்ததே வெளியூரிலிருந்து வந்தவர்களால்தான். தாம்பரம் கோயிலில் தாத்தாவின் திருமணப் பதிவு கிடைத்தாலும் அவருடைய ஞானஸ்நானப் பதிவு திருச்சிப் பக்கமோ நெல்லைப் பக்கமோ ஏதோ ஒரு பங்கில் கிடக்கும். இரண்டு ஏடுகளையும் கட்டுவது அந்தச் சின்னக் குறிப்புதான். பெயர் ஒத்துப்போவது ஊகம். தேதியும் பங்கும் எழுதிய ஓரக்குறிப்பு சாட்சி.

அடுத்தது, இங்கே யாரும் அதிகம் தேடாத ஒன்று. நம்மிடம் அத்தை மகளையும் மாமன் மகளையும் கட்டுவது முறை. திருச்சபையில் அதற்குத் தடை உண்டு. 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு ஒரே கொள்ளுத்தாத்தாவின் வழிவந்தவர்களுக்குள் நடக்கும் மணத்தையும் தடுத்தது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பு அதை ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகளோடு நிறுத்திக்கொண்டது. முறைப்பெண்ணைக் கட்ட ஆயரிடம் விலக்குப் பெற வேண்டும். விலக்குக் கேட்க உறவைப் பொது மூதாதையர் வரை காட்ட வேண்டும். அதாவது, உயிரோடிருந்த பெரியவர்களைக் கேட்டு எழுதிய மூன்று, நான்கு தலைமுறை வம்சாவளி ஒன்று அந்தக் கோப்பில் இருக்கக்கூடும். கியூபெக்கில் இந்த அளவு வழக்கமில்லாத மணமுறை, நமக்கு அவர்களைவிட நல்ல ஆவணத்தைத் தரலாம். இந்தப் புறநகர்கள் அடங்கிய செங்கல்பட்டு மறைமாவட்டம் 2002இல்தான் பிரிந்தது. அதற்கு முந்தைய கோப்புக்குச் சென்னை மயிலை உயர் மறைமாவட்டத்தைத்தான் கேட்க வேண்டும்.

இரண்டாம் பிரதியும் நமக்கு அடியோடு இல்லாமல் இல்லை. 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், நடத்திவைத்த மணங்களின் விவரத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசின் தலைமைப் பதிவாளருக்கு அனுப்பும்படி கத்தோலிக்கக் குருக்களையும் கட்டாயப்படுத்துகிறது. பங்கில் ஏடு கரையான் அரித்துப்போயிருந்தால் அந்தப் பதிவாளரிடம் கேட்க உரிமை உண்டு. ஆனால் தமிழ்க் கத்தோலிக்கரின் ஞானஸ்நானத்துக்கு அரசிடம் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. பக்கத்துப் புதுச்சேரியைப் பார்த்தால் இந்தக் குறை உறைக்கும். பிரெஞ்சுக் காலனிகளின் பதிவேடுகளுக்கு 1776ஆம் ஆண்டு ஆணைப்படி பிரான்சுக்கே நகல் போனது. 1881 ஆணையின்கீழ் பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்ற தமிழர்கள் ஒரு நிலையான குடும்பப் பெயரையும் பதிந்துகொண்டார்கள். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் வீட்டிலிருந்தே ஏட்டின் படத்தைப் பார்க்கிறார்கள். தாம்பரத்துப் பேரப்பிள்ளை பங்கில் இருக்கும் ஏட்டை நம்பி, அடுத்த மழைக்காலத்துக்குள் போய்ச் சேர வேண்டியிருக்கிறது.

என் தீர்ப்பு இது. ஓரக்குறிப்பும் திருமணப் பதிவும் விலக்குக் கோப்பும் ஒத்துப்போனால் தென்சென்னைப் புறநகர்த் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம் 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதி வரை உறுதியாகப் போகலாம். அதற்குமேல் ஞானப்பெற்றோர் யார், சாட்சிக் கையெழுத்து யாருடையது என்று பார்த்து ஒவ்வொரு கண்ணியாக ஏற வேண்டும். ஒரு கண்ணி விட்டால் அங்கேயே நிற்க வேண்டும். ஆங்கிலோ இந்தியக் குடும்பம் தந்தைவழியில் இன்னும் மேலே போகலாம். தாய்வழியில் சீக்கிரமே நின்றுவிடும். பெயரை மட்டும் வைத்துக் கட்டிய எந்த மரத்தையும் ஏற்கக்கூடாது.

பங்குகள் ஏடுகளைப் படமெடுக்க முன்வந்தால் திருமணப் பதிவேட்டில் தொடங்கட்டும். ஞானஸ்நான ஏட்டைப் படமெடுக்கும்போது ஓரத்தை வெட்டாமல் எடுக்கட்டும். தத்துப்பிள்ளை, தந்தை பெயர் இல்லாத பிள்ளை என்ற குறிப்புகள் உயிரோடிருப்பவர்களைக் காயப்படுத்தும். நூறு ஆண்டு தாண்டாத பக்கங்களை உரியவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் மட்டும் காட்டட்டும்.