கிரீஸ் புகைந்த மலை

சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே ஃபேர்ஃபாக்ஸ் என்று ஒரு சிற்றூர். அதன் மேற்கே மலையிலிருந்து இறங்கும் மண்சாலை ஒன்றுக்கு ‘ரீபேக்’ என்று பெயர். நீளம் மூன்றரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு; இறக்கம் சுமார் 400 மீட்டர். 1970-களில் அந்தப் பக்கத்து இளைஞர்கள், 1930-40களில் வந்த கனத்த ஷ்வின் சைக்கிள்களைத் தேடிப் பொறுக்கி வந்து அதில் இறங்கினார்கள். பெரும்பாலும் பின்சக்கர ஹப்புக்குள் அடங்கிய பிரேக்தான்; பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும். அடிவாரம் வருவதற்குள் ஹப் சூடேறி, உள்ளேயிருந்த கிரீஸ் புகையாகப் போய்விடும். மறுபடி இறங்க வேண்டுமானால் ஹப்பைப் பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். அப்படி அடைப்பதற்குத்தான் ரீபேக் என்று பெயர். ஒரு விளையாட்டு பிறந்த இடத்துக்குக் கை அழுக்காகும் வேலையின் பெயரே நிலைத்துவிட்டதில் எனக்குத் தீராத சந்தோஷம்.

முதல் பந்தயம் 1976 அக்டோபரில். அந்தப் பந்தயங்களில் எடுத்த மிகக் குறைந்த நேரம் 4 நிமிடம் 22 விநாடி, கேரி ஃபிஷருடையது. 1977-ல் அங்கே பந்தயம் ஓட்டியவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் இந்த இறக்கத்துக்கென்றே குரோமோலி எஃகுக் குழாயில் சட்டம் கட்டினார். 1981-ல் ஜப்பானில் செய்த ஸ்டம்ப்ஜம்பர் என்ற சைக்கிள் கடைக்கு வந்ததும் மலை சைக்கிள் எல்லோர் கைக்கும் எட்டியது.

என்னிடம் இருப்பதும் ஜப்பானியச் சட்டம்தான். 1980-களின் கடைசியில் செய்தது. முன்பு வைத்திருந்தவர் பல வருஷம் ஷெட்டில் போட்டு மறந்துவிட்டார். சீட் போஸ்ட் சட்டத்துக்குள் இறுகிக் கிடந்தது. அலுமினியமும் எஃகும் ஈரத்தில் அப்படித்தான் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். மூன்று நாள் எண்ணெய் விட்டு ஊறவைத்து, நான்காம் நாள் சீட்டைப் பிடித்துத் திருப்பியபோது ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. இந்த வேலையில் அதைவிட இனிய சத்தம் எனக்குத் தெரியாது.

பிறகு ஓவராயில், அதாவது முழுக்கப் பிரித்துக் கழுவி மாட்டும் வேலை. நம்மூர்ச் சைக்கிள் கடைகளில் புழங்கும் இந்தச் சொல்லைத்தான் மனசுக்குள் சொல்லிக்கொள்கிறேன். பின் ஹப்பில் பக்கத்துக்கு ஒன்பது பால்ரஸ், ஒவ்வொன்றும் கால் அங்குலம். முன் ஹப்பில் பக்கத்துக்குப் பத்து, அளவு சிறியது. மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸைக் கிண்ணத்தில் தடவி, குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதித்து, கோனைத் திருகி, லாக்நட் போட வேண்டும். நுட்பம் கடைசிக் கால் திருகில் இருக்கிறது. கையில் பிடித்தால் அச்சில் மயிரிழை ஆட்டம் மிச்சமிருக்க வேண்டும். சக்கரத்தைச் சட்டத்தில் மாட்டி, அதைப் பூட்டும் கொண்டியை இறுக்கும்போது அச்சு சற்றே அமுங்கி, அந்த ஆட்டம் தானாக மறையும். முதலிலேயே ஆட்டமில்லாமல் வைத்தால் கொண்டி இறுகியதும் குண்டுகள் அழுந்தி, கிண்ணத்தில் குழி விழும். சரியாக அமைந்த சக்கரத்தைத் தூக்கி விட்டுப் பாருங்கள்: டியூப் வால்வின் எடைக்கே மெல்லத் திரும்பி, வால்வு கீழே வந்து, கொஞ்ச நேரம் ஊஞ்சல்போல ஆடி நிற்கும். இந்த வேலைக்கு இரண்டு மெல்லிய ஸ்பானர் போதும். இன்றைய சைக்கிளில் பேரிங் மூடிய பெட்டியாக வருகிறது; தேய்ந்தால் தட்டி எடுத்துவிட்டு வேறொன்று செருகுகிறோம். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை.

கியர் மாற்றும் கட்டைவிரல் நெம்புகோல் ஹேண்டில்பாரின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ஷிமானோ டியோர் எக்ஸ்டி. ஒரு வளையத்தைத் திருப்பினால் கியருக்குக் கியர் விழும் ‘க்ளிக்’ போய்விடும். அப்புறம் காதால் கேட்டுத்தான் செயினைப் பல்லில் உட்கார வைக்க வேண்டும். நான் பெரும்பாலும் அப்படியே ஓட்டுகிறேன். கேபிள் கொஞ்சம் தளர்ந்தாலும், பல் வளைந்தாலும் விரல் சமாளித்துக்கொள்ளும்.

ஓட்டும்போதுதான் இதன் முழு குணம் தெரியும். முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங் கிடையாது. ஒவ்வொரு கல்லும் உள்ளங்கைக்கு வந்து சேரும். அதனால் கண் முன்கூட்டியே ஓடிக்கொண்டிருக்க வேண்டும்: எந்தக் கல்லுக்கு இடப்பக்கம் போவது, எந்தப் பள்ளத்தில் முழங்கையை மடக்குவது, எங்கே இடுப்பைச் சீட்டுக்குப் பின்னால் தள்ளுவது. புது சைக்கிளில் 10 நிமிடத்தில் தாண்டிப்போகிற தடத்தை இதில் 15 நிமிடம் ஓட்டுவேன். அந்த 15 நிமிடமும் தடத்தில் எனக்குத் தெரியாத கல் இருக்காது. ஏற்றத்தில் இது தரும் சுகமே தனி. மிதிக்கிற பலம் எங்கேயும் அமுங்கிப் போகாமல் நேரே பின்சக்கரத்துக்குப் போகிறது.

போன மாதம் ரீபேக்கிலேயே இறக்கினேன். அடிவாரத்தில் நின்று பின்சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தேன். ரிம் சுட்டது, ஹப் குளிர்ந்திருந்தது. ரிம்மையே பிடிக்கும் கான்டிலீவர் பிரேக் சூட்டை ரிம்முக்கு மாற்றிவிட்டது. என் கிரீஸ் பத்திரமாக இருந்தது.

இப்படி ஒரு பழைய சைக்கிள் உங்கள் கண்ணில் பட்டால் பெயின்ட்டைப் பார்த்து ஒதுக்காதீர்கள். குழாய் சேரும் இடங்களில் விரிசல் இருக்கிறதா, சீட் போஸ்ட்டும் ஹேண்டில் கம்பும் அசைகின்றனவா என்று பாருங்கள். சக்கரம் கரகரத்தால் கவலை வேண்டாம். பால்ரஸும் கிரீஸும் இன்றும் எந்தக் கடையிலும் கிடைக்கும். 26 அங்குல டயரும் கிடைக்கிறது. சட்டம் நன்றாக இருந்தால் யோசிக்காமல் வாங்கிவிடுங்கள்.