டாக்டவுன்: சாட்சியே நீதிபதி

'டாக்டவுன் அண்ட் ஸீ-பாய்ஸ்' (2001) ஸ்கேட்போர்ட் பற்றிய ஆவணப்படம். இயக்குநர் ஸ்டேசி பெரால்டா, தான் புகழும் ஸெஃபர் அணியிலேயே ஆடியவர். பணம் போட்டது வேன்ஸ் காலணி நிறுவனம். சாட்சியே நீதிபதி என்றால் தீர்ப்பு எப்படி இருக்கும்? நம் இலக்கியக் குழுக்கள் தங்கள் வரலாற்றைத் தாங்களே எழுதும்போதும் எனக்கு இதே சந்தேகம் வரும்.

ஆனாலும் வேர்களைச் சொல்லும் பகுதி அபாரம். சாண்டா மோனிகா, வெனிஸ் பக்கத்துப் பிள்ளைகள் அலை இல்லாத நேரத்தில் பலகையைத் தரைக்குக் கொண்டு வந்தார்கள். கடலில் செய்வது போலவே தாழக் குனிந்து, கையால் தரையைத் தடவி வளைந்தார்கள். யூரித்தேன் சக்கரம் வழுக்காமல் பிடித்தது. 1970களின் நடுவில் கலிஃபோர்னியாவில் வறட்சி. பணக்கார வீடுகளின் வற்றிய நீச்சல் குளங்களுக்குள் வேலி தாண்டிக் குதித்து, போலீஸ் வரும்வரை ஆடினார்கள். அங்கே புள்ளி போட ஆளில்லை.

1975 டெல் மார் போட்டிக்குப் பிறகு புகழும் விளம்பரப் பணமும் வந்தன. அணி சிதறியது. படம் அதற்கு வருத்தப்படுகிறது, ஆனால் அதே பணத்தில்தான் தானும் நிற்பதை யோசிப்பதில்லை. அணியின் ஒரே பெண் பெகி ஓகியும் ஓரமாகத்தான் வந்து போகிறார்.

அசல் திறமைசாலி ஜே ஆடம்ஸ், போதையும் சிறையும் தின்ற முகத்தோடு கேமராவைப் பார்க்கும்போது மட்டும் அந்த வெற்றிக்கதை தடுமாறுகிறது. பெரால்டா அந்த முகத்தை வெட்டி எறியவில்லை. எனக்கு இது நல்ல படமானது அங்கேதான்.