நீருக்கடியில் யார்? ஸ்வீடன் ராணுவ அறிக்கைகளின் பலமும் பலவீனமும்

2014 அக்டோபர் 19. ஸ்டாக்ஹோமில் செய்தியாளர்கள் முன்னால் ஸ்வீடன் கடற்படையின் ரியர் அட்மிரல் ஆண்டர்ஸ் கிரென்ஸ்டாட் ஒரு புகைப்படத்தைக் காட்டினார். பொதுமக்களில் ஒருவர் எடுத்த படம் அது. நீர்ப்பரப்பில் ஏதோ கறுப்பாகத் தெரிகிறது, சுற்றிலும் வெண்ணுரை. ராணுவம் அன்று பயன்படுத்திய சொற்கள் மிகக் கவனமானவை. ‘வெளிநாட்டு நீரடி நடவடிக்கை’ நடப்பதாகச் சந்தேகம் என்றார்கள். எந்த நாடு என்று வாய் திறக்கவில்லை. ரஷ்யா கிரைமியாவை இணைத்துக்கொண்டு ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. உலகப் பத்திரிகைகள் ரஷ்ய நீர்மூழ்கியைத் தேடும் வேட்டை என்றே எழுதின. ராணுவம் விட்ட இடத்தை வாசகர்கள் நிரப்பிக்கொண்டார்கள்.

அந்நிய வேவுக் கலம் ஒன்று நுழைந்துவிட்டது என்று ராணுவம் அறிவிக்கும்போது, ஆதாரத்தின் பெரும்பகுதி பூட்டிய அறைக்குள்தான் இருக்கும். குடிமகனுக்குக் கிடைப்பது அறிவிப்பு மட்டுமே. இந்த வழக்கத்தை முழுதாக மறுப்பவர்களும் உண்டு, கண்ணை மூடி நம்புபவர்களும் உண்டு. ஸ்வீடனின் நாற்பதாண்டு அனுபவத்தைப் பார்த்தால் இரண்டு பக்கமும் நிற்க முடியவில்லை. ரகசியம் காப்பதை என்னால் ஏற்க முடிகிறது. ஆதாரம் ஒரு படி இறங்கிய பிறகும் உறுதியின் சுருதியைக் குறைக்காமல் பேசுவதை ஏற்க முடியவில்லை.

ஸ்வீடன் மக்கள் தங்கள் ராணுவத்தை நம்பியதற்கு வலுவான காரணம் இருந்தது. 1981 அக்டோபர் 27 இரவு சோவியத் நீர்மூழ்கி ஒன்று கார்ல்ஸ்க்ரூனா கடற்படைத் தளத்துக்கு அருகே பாறையில் ஏறி நின்றுவிட்டது. ஸ்வீடன் அதற்கு யூ-137 என்று பெயரிட்டது. திசைகாட்டும் கருவிகள் பழுதாகிவிட்டன என்றார் அதன் கேப்டன். தீவுகளும் பாறைகளும் நிறைந்த குறுகலான நீர்வழியில் அவ்வளவு தூரம் உள்ளே வந்தவர் வழி தவறித்தான் வந்தார் என்பதை நம்பியவர்கள் குறைவு. ஸ்வீடன் ஆய்வாளர்கள் கப்பலின் வெளியிலிருந்தே கதிர்வீச்சை அளந்தார்கள். யுரேனியம்-238 இருப்பதற்கான அறிகுறி கிடைத்தது. உள்ளே அணு ஆயுதம் இருக்கக்கூடும் என்று பிரதமர் துர்பியோர்ன் ஃபெல்டின் நாட்டுக்கே சொன்னார். அந்த அறிவிப்பை யாரும் எளிதில் மறுக்க முடியவில்லை. கப்பல் கண்ணெதிரே பாறையில் கிடந்தது, எதை அளந்தார்கள் என்பதும் அளவீட்டிலிருந்து என்ன ஊகித்தார்கள் என்பதும் வெளிப்படையாக இருந்தன. ராணுவ அறிவிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஆண்டே நிலைமை மாறியது. 1982 அக்டோபரில், முஸ்கோ கடற்படைத் தளம் இருக்கும் ஹோர்ஸ்ஃபியார்டன் நீர்ப்பகுதியில் பெரிஸ்கோப் தெரிந்ததாகத் தகவல் வந்தது. நீரடிக் குண்டுகள் வீசினார்கள், கடற்கண்ணிகளை வெடிக்கச் செய்தார்கள். எதுவும் மேலே வரவில்லை. ஸ்வென் ஆண்டர்சன் தலைமையிலான ஆணையம் 1983 ஏப்ரலில் அறிக்கை தந்தது: ஆறு நீர்மூழ்கிகள் வந்தன, அவற்றில் மூன்று மிகச் சிறியவை, வந்தது சோவியத் தரப்பு. பிரதமர் ஓலோஃப் பால்மேயின் அரசு மாஸ்கோவுக்குக் கண்டனக் குறிப்பு அனுப்பியது. பாறையில் கிடந்த ஒரு கப்பலின் மீது எழுந்த நம்பிக்கை, மேலே வராத ஆறு கப்பல்களுக்கும் அப்படியே நீட்டிக்கப்பட்டது என்றுதான் இதை நான் வாசிக்கிறேன்.

பின்னால் வந்த ஆண்டுகளில் ஆதாரமாக நின்றவற்றில் முக்கியமானவை ஒலிப்பதிவுகள். நீருக்கடியில் பொருத்திய ஒலிவாங்கிகளில் ஒரே மாதிரியான ஒலி திரும்பத் திரும்பப் பதிவானது. அந்நியக் கலத்தின் அடையாளம் என்று அதை வகைப்படுத்தி வைத்திருந்தார்கள். 1994இல் பிரதமர் கார்ல் பில்ட், அத்துமீறல்கள் தொடர்வதாக ரஷ்ய அதிபர் யெல்ட்சினுக்குக் கடிதமே எழுதினார். 1995இல் வந்த இன்னோர் ஆணையம், அந்த ஒலிகளில் பல மிங்க் போன்ற நீந்தும் சிறு விலங்குகளிடமிருந்து வந்தவை என்று கண்டது. அதன் பிறகுதான் கடற்படை வெளி ஆய்வாளர்களை அழைத்து மர்ம ஒலியைக் கேட்க வைத்தது. மாக்னஸ் வால்பெர்க்கும் ஹோகன் வெஸ்டர்பெர்க்கும் உயிரியல் துறைக்காரர்கள். அவர்கள் காதில் விழுந்தது வாணலியில் எண்ணெய் பொரிவது போன்ற சடசடப்பு. கூட்டமாகச் செல்லும் ஹெர்ரிங் மீன்கள், நம் மத்தியின் குடும்பத்தைச் சேர்ந்தவை, உடலுக்குள் இருக்கும் காற்றைக் குதவழியே குமிழ்களாக வெளியேற்றும் ஒலி அது என்று அவர்கள் காட்டினார்கள்.

இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் ஏராளம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடலின் ஒலியைப் பிரித்தறிவது கடினமான வேலை. அந்தக் கருவிகளின் முன்னால் இரவு பகலாக உட்கார்ந்திருந்தவர்கள் நேர்மையாகவே உழைத்தார்கள். ஆனால் அந்த ஒலிநாடா ஆண்டுக்கணக்கில் ஒரு கடல் உயிரியலாளரின் காதுக்கு எட்டவேயில்லை. எதிரிக்குத் தெரியக் கூடாது என்று மூடிய கதவு, தவறைக் கண்டுபிடிக்கக் கூடியவரையும் வெளியே நிறுத்திவிட்டது. ரகசியத்தின் பெரிய விலை இதுதான். மக்களிடம் மறைப்பதைக் காட்டிலும், ராணுவம் தன்னையே சோதித்துப் பார்க்கும் வழியை அடைத்துக்கொள்வது ஆபத்தானது.

ஸ்வீடனுக்குச் சேர வேண்டிய பெருமையையும் சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டில் முன்னாள் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் காஸ்பர் வைன்பெர்கர் ஸ்வீடன் தொலைக்காட்சியில் ஒரு பேட்டி கொடுத்தார். நேட்டோ நீர்மூழ்கிகளும் ஸ்வீடன் நீர்ப்பரப்பில் அதன் காவலைச் சோதித்ததுண்டு, அது ஆலோசித்துச் செய்ததுதான் என்ற பொருளில் பேசினார். நாடு கொதித்தது. அரசு பழைய கோப்புகளை மீண்டும் திறந்து ராஜதந்திரி ரோல்ஃப் ஏக்கியூஸிடம் ஒப்படைத்தது. 2001இல் அவர் தந்த முடிவு இரண்டு பகுதி கொண்டது: 1982இல் அத்துமீறல் நடந்தது, ஆனால் வந்தவர்கள் எந்த நாட்டினர் என்று நிறுவ முடியாது. தன் அரசே எழுதிய கண்டனக் குறிப்பின் அடித்தளத்தைத் தானே தோண்டிப் பார்க்கும் துணிச்சல் எத்தனை நாடுகளுக்கு இருக்கிறது? ‘நடந்ததா?’ என்ற கேள்வியையும் ‘யார் செய்தது?’ என்ற கேள்வியையும் ஏக்கியூஸ் தனித்தனியே நிறுத்தினார். 1983இல் செய்யத் தவறிய வேலை அது.

இந்தப் பாடம் கையில் இருந்தும் 2014இல் என்ன நடந்தது? ஒரு வாரத் தேடல் அக்டோபர் 24 அன்று பெருமளவு முடிவுக்கு வந்தது. நவம்பர் 14 அன்று தலைமைத் தளபதி ஸ்வெர்கர் யோரான்சன் பிரதமர் ஸ்டெஃபான் லோவெனோடு வந்து, சிறிய நீர்மூழ்கி ஒன்று அத்துமீறியது உறுதி என்று அறிவித்தார். நாட்டின் பெயரை அப்போதும் சொல்லவில்லை. அந்த அடக்கம் ஏக்கியூஸ் அறிக்கையின் பயன் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அதன் பின் ஆதாரங்கள் ஒவ்வொன்றாகத் தேய்ந்தன. 2015 ஏப்ரலில் கிரென்ஸ்டாட், முன்பு நீர்மூழ்கி என்று எண்ணிய காட்சிகளில் ஒன்று சாதாரண வேலைப்படகு என்று ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு செப்டம்பரில் வந்த இறுதி மதிப்பீடு, அத்துமீறல் நடந்ததில் நியாயமான ஐயத்துக்கு இடமில்லை என்றது. 2016 ஜூனில் பாதுகாப்பு அமைச்சர் பீட்டர் ஹுல்ட்க்விஸ்ட் வானொலியில் பேசியபோதுதான் இன்னொன்று தெரிந்தது: முக்கிய ஆதாரங்களில் ஒன்றாக நம்பப்பட்ட ஒலிச் சமிக்ஞை ஒரு ‘ஸ்வீடன் பொருளிலிருந்து’ வந்தது. ராணுவத்துக்கு அது 2015லேயே தெரியும். மற்ற ஆதாரங்களைச் சேர்த்துப் பார்த்தால் முடிவு மாறாது என்று ராணுவம் சொன்னது.

முடிவு சரியாகவே இருக்கலாம். என் சண்டை முடிவோடு இல்லை. ஒரு தூண் விழுந்தது என்று தெரிந்த பிறகும் கட்டடத்தின் உறுதியை அறிவிக்கும் சொற்களில் அந்தச் செய்திக்கு இடம் தரவில்லையே, அதோடுதான். சோனாரின் திறனைச் சொன்னால் அடுத்த முறை வருபவன் அதற்கேற்ப வருவான் என்று அதிகாரிகள் சொல்வது உண்மை. ஆனால் ‘நாங்கள் நம்பிய ஒலி எங்களுடையதே’ என்று சொல்வதால் எந்தக் கருவியின் திறன் வெளியாகிவிடும்? அங்கே காக்கப்பட்டது கடற்கரை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2014இல் ஸ்வீடனிடம் நீர்மூழ்கி வேட்டைக்கான ஹெலிகாப்டர்கள் இல்லை. ராணுவத்துக்கு நிதி போதவில்லை என்ற வாதம் சூடாக நடந்துகொண்டிருந்தது. 2017இல் கட்டாய ராணுவ சேவை திரும்பியது. 2024 மார்ச்சில் நாடு நேட்டோவில் சேர்ந்தது. யுக்ரேன் போரைவிடப் பெரிய காரணம் இதற்கெல்லாம் தேவையில்லை. ஆனாலும் அந்த அக்டோபர் வாரத்தின் பதற்றமும் மக்கள் எடைபோட்டவற்றில் ஒன்று. அத்தனை பெரிய முடிவுகளுக்கு வந்துகொண்டிருந்த மக்களிடம், எந்தெந்த ஆதாரம் இன்னும் நிற்கிறது, எது விழுந்துவிட்டது என்ற பட்டியலை அவர்களுடைய ராணுவமே, 2015 செப்டம்பரிலேயே, முந்தைய நவம்பரில் நின்ற அதே மேடையில் நின்று சொல்லியிருக்க வேண்டும்.