முக்காலி சுமந்த நாயகன்

1848ல் புத்தகமாக வந்த ‘வானிட்டி ஃபேர்’ நாவலுக்கு, ‘கதாநாயகன் இல்லாத நாவல்’ என்று உபதலைப்புக் கொடுத்தார் தாக்கரே. அது அவருடைய குறும்பு. மளிகைக் கடைக்காரர் மகன் டாபின் இருக்கிறானே! வாட்டர்லூவில் போரிட்டவன்தான், ஆனாலும் அவனை நாம் நெருங்கி அறிவது ரைன் நதிக்கரையில், ஓய்வாகக் கழியும் ஒரு பயணத்தில். விதவை அமீலியா படம் வரைகிறாள்; அவளுடைய முக்காலியைச் சுமந்து திரிவதே அவனுக்குப் பரமசுகம். ஆனால் பணிவுக்கும் ஓர் எல்லை உண்டு. பெக்கியை வீட்டில் சேர்க்க வேண்டாம் என்ற அவன் சொல்லை அவள் மதிக்காதபோது, தன் அன்புக்கு அவள் தகுந்தவள் அல்ல என்று சொல்லிப் புறப்பட்டுவிடுகிறான். பிறகு அவள் அழைக்க வருகிறான், கல்யாணமும் நடக்கிறது. பழைய ஆராதனை மட்டும் திரும்பவில்லை. சாதுவை நாயகனாக்கியவர்கள் பலர். அவனுக்கும் ரோஷம் உண்டென்று காட்டியவர்கள் சிலரே.