மாதிரியின் அளவும் தெரிவின் முறையும்

பெருந்தொகையே உண்மைக்குச் சான்றாகும் என்பது ஆய்வுலகில் வேரூன்றிய மயக்கமாகும். 1936ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்கத் தலைவர் தேர்தலையொட்டி ‘லிற்றறறி டைஜெஸ்ற்’ என்னும் இதழ் ஏறத்தாழ ஒரு கோடி வாக்குத்தாள்களை அஞ்சலில் அனுப்பியது. மீண்டவை இருபது இலட்சத்துக்கு மேற்பட்டன. அவற்றைக் கொண்டு லாண்டன் வெல்வாரென அது துணிந்தது, வென்றவரோ றூஸ்வெல்ற். தொலைபேசியும் மோட்டார் வண்டியும் உடையோர் பட்டியல்களையே பெரிதும் நாடியமையால் வறியோர் பலர் விடுபட்டனர். விடையளித்தோரும் தாமாக முன்வந்த சிலரே.

பின்வந்த பங்கீட்டு முறை பால், வயது முதலிய பிரிவுகளுக்கு எண் வகுத்தது. ஆளைத் தெரியும் உரிமையையோ வினவுவோனிடமே விட்டது. 1948இல் ட்றூமனின் வெற்றியைக் கணிப்பாளர் காணத் தவறியமைக்கு இதுவும் ஒரு காரணமாயிற்று.

குடித்தொகையில் ஒவ்வொருவரும் தெரியப்படுதற்குரிய நிகழ்தகவு முன்னரே அறியப்படல் வேண்டும். எழுமாற்று முறையின் சிறப்பு இதுவே. ஆதலின், மாதிரி எத்துணைப் பெரிதென வினவுமுன், அஃது எவ்வாறு எடுக்கப்பட்டதென வினவுதல் மாணவர் கடனாம்.