முதல் நூறு முறைகள்: சிவிலைசேஷன் விளையாட்டின் தொடக்கநிலை விரிவும் தொண்டைமண்டல ஏரி நிலமும்

ஆய்வுச் சுருக்கம்

சிட் மையரின் சிவிலைசேஷன் 6 (2016) என்னும் கணினி விளையாட்டில் தொடக்கநிலைக் குடியேற்றம் திட்டமிடப்படும் முறையை, திருப்பெரும்புதூர் – ஒரகடம் பகுதியின் ஏரி நிலத்தோடும் அந்நிலத்தில் வழங்கிய ஆதொண்டன் கதையோடும் வைத்து இக்கட்டுரை நோக்குகிறது. விரிவின் விலை யாருடைய கணக்கில் எழுதப்படுகிறது என்பதே இதன் வினா.

திறவுச்சொற்கள்: கணினி விளையாட்டுத் திறனாய்வு, குடியேற்றம், தொண்டைமண்டலம், ஏரிப்பாசனம், காணியாட்சி, சிப்காட்

விளையாட்டின் கணக்கு

தமிழில் கணினி விளையாட்டுகளைப் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் இரண்டு வினாக்களுக்குள் அடங்கிவிடுகின்றன. ஒன்று, அவை இளைஞரைக் கெடுக்கின்றனவா என்பது. மற்றொன்று, அவற்றில் நம் மன்னர்களுக்கு இடம் கிடைத்ததா என்பது. 2025 பிப்ரவரியில் வெளிவந்த சிவிலைசேஷன் 7இல் சோழர் ஒரு நாகரிகமாகச் சேர்க்கப்பட்டபோது எழுந்த மகிழ்ச்சி இரண்டாம் வினாவைச் சார்ந்தது. பெயர் இடம்பெற்றதா என்பதைவிட, அந்தப் பெயரை ஏந்தி ஆடுபவர் எந்த விதிகளின்படி நிலத்தைப் பார்க்கப் பழக்கப்படுகிறார் என்பதே திறனாய்வுக்கு உரிய பொருள் என்று கருதுகிறேன். விளையாட்டு என்னும் பனுவலில் கருத்து உரையாடலில் இருப்பதைவிட விதியில்தான் மிகுதியாக இருக்கிறது.

முறை வைத்து ஆடும் இவ்வகை விளையாட்டுகளுள் சிவிலைசேஷன் 1991 முதல் வழங்கி வருவது. அதன் ஆறாம் பதிப்பில் உலகம் அறுகோணக் கட்டங்களால் ஆனது. புல்வெளிக் கட்டம் இரண்டு அலகு உணவு தரும். சமவெளிக் கட்டம் ஓர் அலகு உணவும் ஓர் அலகு உற்பத்தியும் தரும். குன்று இருந்தால் உற்பத்தி கூடும். ஆடுபவர் ஒரு குடியேறிக் குழுவோடு தொடங்கித் தலைநகரை நிறுவுகிறார். அதன்பின் முதல் நூறு முறைகளுக்குள் எத்தனை நகரங்களை, எங்கே, எந்த வரிசையில் நிறுவுவது என்பதே ஆட்டத்தின் தலைவிதியைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

இந்தத் திட்டமிடல் எளிதன்று. இயல்பு வேகத்தில் முதலில் உருவாக்கும் குடியேறிக் குழுவின் விலை 80 அலகு உற்பத்தி. அடுத்தடுத்த குழு ஒவ்வொன்றுக்கும் 30 அலகு ஏறும். குழு புறப்படும்போது தாய் நகரம் தன் மக்கள்தொகையில் ஒன்றை இழக்கும். ஆகவே மக்கள்தொகை இரண்டை எட்டாத நகரால் குடியேறிகளை அனுப்ப இயலாது. இரு நகரங்களுக்கு இடையே குறைந்தது மூன்று கட்டங்கள் இருக்க வேண்டும். படைவீரனை உருவாக்காமல் குடியேறியை அனுப்பினால் வழியில் காட்டுமிராண்டிகள் பிடித்துக்கொள்வர். படைவீரனை முதலில் உருவாக்கினால் நல்ல இடத்தை அண்டை நாட்டான் எடுத்துக்கொள்வான். இந்த இழுபறியை இவ்வளவு கூர்மையாக உணரச் செய்வதில் இவ்விளையாட்டுக்கு நிகர் குறைவு. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் பரவும் ஆட்டக்காரர் எண்பதாம் முறையளவில் தம் நகரங்கள் அனைத்தும் சிறுத்துக் கிடப்பதைக் காண்பார்.

அளவின்றிப் பரவுவதற்குத் தடை வேண்டும் என்பதை வடிவமைப்பாளர்கள் நெடுங்காலமாக அறிந்துள்ளனர். மூன்றாம் பதிப்பில் (2001) தலைநகரிலிருந்து தொலைவு கூடக் கூட ஊழல் கூடியது. நான்காம் பதிப்பில் (2005) நகரங்களின் எண்ணிக்கையும் தொலைவும் பராமரிப்புச் செலவை உயர்த்தின. ஐந்தாம் பதிப்பில் (2010) நாட்டின் மகிழ்ச்சி குறைந்தது. ஆறாம் பதிப்பில் ஏறும் விலையும் குடியிருப்பு வரம்பும் வந்தன. 2018 விரிவாக்கத்தில் நகரங்களின் பற்றுறுதியும் சேர்ந்தது. ஏழாம் பதிப்பில் குடியிருப்புகளின் எண்ணிக்கைக்கே வரம்பு உண்டு. இத்தடைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை புலப்படும். இவை அனைத்தும் விரிபவரின் கருவூலத்திலும் விரிபவரின் குடிகளிடத்திலும் மட்டுமே வசூலிக்கப்படுகின்றன. அண்டை நாட்டுத் தலைவர் தம் எல்லைக்கருகே குடியேறாதீர் என்று முறையிடுவது உண்டு. அது எல்லைக்கான முறையீடு. அவருடைய நகரம் எதையும் இழந்திருக்காது.

தண்ணீரைப் பற்றிய விதியில் இது தெளிவாகத் தெரியும். நன்னீருக்கு அருகே நிறுவிய நகரின் தொடக்கக் குடியிருப்பு வரம்பு ஐந்து, கடலோரமாயின் மூன்று, நீரில்லா இடமாயின் இரண்டு. இந்த எண்தான் தொடக்கநிலை விரிவின் வரைபடத்தை வரைகிறது. ஆடுபவரின் கண் முதலில் ஆற்றையும் ஏரியையும் தேடுகிறது. ஆனால் ஓர் ஆற்றின் கரையில் ஒரு நகரம் இருந்தாலும் ஆறு நகரங்கள் இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் அதே ஐந்துதான். மேலே இருப்பவர் எடுத்ததால் கீழே இருப்பவருக்குக் குறைவதில்லை. 2019 விரிவாக்கத்தில் வெள்ளமும் அணையும் சேர்க்கப்பட்டன. அங்கும் ஒருவர் கட்டிய அணை இன்னொருவரின் குடிநீரைக் குறைப்பதில்லை. ஏரி என்பது இயற்கையாக அமைந்த கட்டம். அதை எவரும் வெட்டவோ தூர்க்கவோ இயலாது.

வெட்டிய ஏரியும் விரிந்த ஊரும்

ஏரியை மனிதர் வெட்டாத உலகம் தொண்டைமண்டலத்தாருக்கு விந்தையானது. செங்கற்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களை ஏரி மாவட்டம் என்று அழைப்பது வழக்கம். அந்த ஏரிகளோ பெரும்பாலும் கரை எடுத்து ஆக்கப்பட்டவை. தொழிற்சாலைகளால் இன்று அறியப்படும் திருப்பெரும்புதூர் – ஒரகடம் வழித்தடம் இந்த ஏரி நிலத்தின் நடுவே கிடக்கிறது. குடியேற்றத்தை ஆராய்வோர்க்கு இவ்விடம் பொருத்தமானது. ஏரி ஊர்கள், மிராசுக் காணிகள், சிப்காட் மனைகள் என மூன்று வேறு விரிவுகள் ஒரே மண்ணின்மேல் நிகழ்ந்துள்ளன. பூதபுரி என்னும் பெயரைத் தலபுராணம் பூதகணங்களோடு இணைக்கும். பெரும்புதூர் என்னும் தமிழ்ப் பெயரோ பெரிய புது ஊர் என்றே பொருள்படுகிறது. இராமாநுசர் பிறந்த ஊரின் பெயரே ஒரு பழைய விரிவின் பதிவு எனலாம்.

இங்கே புது ஊர் தோன்றுவதற்கு நன்னீர் அருகிருந்தால் போதாது. மழைநீர் மேலேரியில் நிறைந்து, கலங்கல் வழியே வழிந்து, கால்வாயில் ஓடிக் கீழேரியை அடையும். திருப்பெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் செம்பரம்பாக்கத்துக்கு இறங்குவது இந்தத் தொடரின் ஒரு கண்ணி. மேலூரார் தம் கலங்கலை ஒரு சாண் உயர்த்தினால் கீழூரின் வயலில் அது தெரியும். தாழ்த்தினால் கீழ்க்கரை உடையும். ஆகவே ஓர் ஊரை நிறுவுவது என்பது, ஏற்கெனவே உள்ள ஊர்களோடு செய்துகொள்ளும் நீர் உடன்பாடாகவும் இருந்தது. முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு பரமேசுவர தடாகத்தைக் கூறும்போது, அதற்குப் பாலாற்றிலிருந்து வெட்டிய பெரும்பிடுகுக் காலையும் சேர்த்தே கூறுகிறது. நீர் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லாமல் ஏரியைச் சொல்லி முடிக்க இயலவில்லை.

பராமரிப்பு வேறொரு செய்தி. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் (கி.பி. 919, 921) குடவோலைக்காக மட்டும் மேற்கோள் காட்டுவது நம் பாடநூல்களின் பழக்கம். அவ்வோலைகள் எதற்காக எடுக்கப்பட்டன என்பதை அந்தப் பாடநூல்கள் விரைந்து கடந்துவிடுகின்றன. சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம் ஆகியவற்றோடு ஏரி வாரியத்துக்கும் ஆறு பேர் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஏரி ஒருமுறை பெற்று முடித்த பயன் அன்று. ஆண்டுதோறும் ஆள் வைத்துக் காக்க வேண்டிய உறவு. விளையாட்டில் குடியிருப்பு வரம்பு ஐந்து என்று ஒருமுறை எழுதப்பட்டால் ஆறாயிரம் ஆண்டுகளுக்கும் அது அப்படியே நிற்கும்.

இவ்விடத்தில் ஒரு கவர்ச்சியான ஒப்பீட்டைத் தவிர்க்க வேண்டும். விளையாட்டின் நிலவகைக் கட்டங்களை ஐந்திணையோடு இணைத்து, நம் முன்னோர் இதை அன்றே கண்டனர் என்று எழுதிவிடலாம். புல்வெளி மருதமாகவும் காடு முல்லையாகவும் எளிதில் அமையும். ஆனால் முதற்பொருளும் கருப்பொருளும் அமைந்த அக்கட்டங்களில் உரிப்பொருளுக்கு இடமில்லை. பிரிவோ இருத்தலோ ஊடலோ எக்கட்டத்துக்கும் உரியதன்று. உரிப்பொருளை நீக்கிவிட்டு எஞ்சுவதைத் திணை என்று அழைப்பது தொல்காப்பியத்துக்கும் நியாயமன்று, விளையாட்டுக்கும் நியாயமன்று.

ஆதொண்டன் ஆடிய ஆட்டம்

இதுவரை கூறியதைக் கொண்டு, விளையாட்டின் குறை மேலைநாட்டுக் குறை என்றும் தமிழ் நிலம் அதிலிருந்து விலகியது என்றும் முடிவுகட்டினால் அது அவசரம். தொண்டைமண்டலமே தன் தொடக்கத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதை, விளையாட்டின் முதல் நூறு முறைகளை வியப்பூட்டும் அளவுக்கு ஒத்திருக்கிறது. சோழ மன்னன் மகனாகிய ஆதொண்டன் புழலில் குறும்பரை வென்று, காட்டை அழித்து, வேளாளரைக் குடியேற்றினான் என்பது அக்கதை. மெக்கன்சி திரட்டிய சுவடிகளில் இதன் வடிவங்கள் உள்ளன. இங்கே குறும்பர் விளையாட்டின் காட்டுமிராண்டி முகாம்கள். வேளாளர் குடியேறிக் குழுக்கள். காடு இருண்ட வரைபடம். கரிகாலனின் சிறப்பாகக் காட்டழிப்பையும் குளம் அமைத்தலையும் சேர்த்துப் போற்றும் பட்டினப்பாலையிலும் இந்த நோக்கு உண்டு.

கதையை ஊன்றிப் படித்தால் அது தன்னையே மறுக்கிறது. நாட்டை இருபத்து நான்கு கோட்டங்களாகப் பகுத்து, கோட்டைகள் அமைத்து, கடல் வாணிகமும் நடத்தியவர்கள் குறும்பரே என்று மெக்கன்சி சுவடிகளின் ஒரு வடிவம் கூறுகிறது. தொண்டைமண்டலத்தின் பெருமையாகப் பிற்காலத்தார் எண்ணிய இருபத்து நான்கு கோட்டப் பகுப்பு, அதன்படி, வெல்லப்பட்டவர்களின் நிருவாகம். வெற்றிடம் என்று சொல்லப்பட்டது வெற்றிடமாக இருந்ததில்லை. சிவிலைசேஷன் 6இலும் 2021இல் ஒரு விருப்பத்தேர்வு சேர்க்கப்பட்டது. அதன்படி காட்டுமிராண்டி முகாம் காலப்போக்கில் நகர அரசாக வளரலாம். முகாமும் நகரமாகியிருக்கும் என்று விளையாட்டே காலந்தாழ்த்தி ஒப்புக்கொண்டதாக இதைக் கொள்ளலாம். எனினும் அது விருப்பத்தேர்வாகவே நிற்கிறது.

கதை வெறும் கதையாக நின்றிருந்தால் இவ்வளவு கூறவேண்டியதில்லை. கும்பினி ஆட்சியில் அது உரிமைப் பத்திரமாகப் பயன்பட்டது. சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் மிராசு உரிமை பற்றி எழுதி 1818இல் அச்சான நூலில், காணியாட்சியின் தோற்றம் இக்குடியேற்றத்தோடு இணைத்துப் பேசப்பட்டது. முதலில் வந்து காடு வெட்டியவர் வழியினர் என்பதே மிராசுதாரரின் வாதம். செங்கற்பட்டின் இந்தப் பழமை, ஆங்கில அலுவலரும் உள்ளூராரும் கூடி உருவாக்கிய ஒன்று என்பதை யூஜின் இர்சிக் 1994இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். இதில் கவனிக்க வேண்டிய கோணம் ஒன்றுண்டு. முதல் விரிவின் கதை, அடுத்த விரிவுக்கு யார் வரலாம் என்பதையும் தீர்மானித்தது. செங்கற்பட்டுக் கலெக்டர் திரமென்கீர் பறையர் நிலை பற்றி எழுதிய குறிப்பு, தரிசு நிலத்துக்கு விண்ணப்பித்த உழைப்பாளருக்கு மிராசுதாரரின் முன்னுரிமை எவ்வாறு தடையாக நின்றது என்பதை எடுத்துரைத்தது. அதன் தொடர்ச்சியாகவே 1892 செப்டம்பர் 30ஆம் நாளிட்ட 1010ஆம் எண் அரசாணையும் பஞ்சமி நிலமும் வந்தன. காட்டை உண்மையில் வெட்டிய கைகள் யாருடையவை என்று ஆதொண்டன் கதை கேட்டதில்லை. விளையாட்டில் குடியேறிக் குழு நகரை நிறுவியதும் மறைந்துபோகிறது. கரையை எடுத்தவர் யார் என்று அங்கும் கேட்க வழியில்லை.

மனைகளின் நிலம்

மூன்றாம் விரிவு நம் கண்முன் நடந்தது. 1971இல் தொடங்கிய சிப்காட் நிறுவனத்தின் பூங்காக்கள் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் எனப் பரவின. ஹூண்டாய் 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் உற்பத்தி தொடங்கியது. ரெனோ–நிசான் 2010இலும் டெய்ம்லர் 2012இலும் ஒரகடத்தில் ஆலை திறந்தன. துறைமுகம், விமான நிலையம், பெங்களூரு நெடுஞ்சாலை என்னும் மூன்றின் அண்மையே இடத்தேர்வின் இலக்கணம். இந்த விரிவை விளக்குவதில் சிவிலைசேஷன் 6 உண்மையிலேயே வல்லது. அதன் தொழிற்பகுதி தனித்து நின்றால் பயன் சிறிது; உரிய கட்டங்களை அடுத்து நின்றால் பயன் பெருகும்; ஓர் ஆலையின் பயன் ஆறு கட்டத் தொலைவு வரை உள்ள நகரங்களுக்குப் பரவும். ஒரு மகிழுந்து ஆலையைச் சுற்றி உதிரிபாக ஆலைகள் ஏன் திரள்கின்றன என்பதை மாணவருக்கு விளக்க இதைவிட நல்ல கருவி அரிது. காரணம் எளிது: விளையாட்டும் மனைப்பிரிவு வரைபடமும் ஒரே கண்ணால் நிலத்தைப் பார்க்கின்றன. எந்தக் கட்டம் என்ன தரும் என்பதே அக்கண்ணின் கேள்வி. எந்தக் கட்டத்தின் நீர் எங்கே போகும் என்பது அன்று.

பிள்ளைப்பாக்கம் என்ற ஒரே பெயர் நீர்வளத் துறையின் குறிப்பில் ஏரியாகவும் சிப்காட்டின் குறிப்பில் தொழிற்பூங்காவாகவும் வருகிறது. இரு குறிப்புகளையும் ஒருங்கே வைத்துப் படிப்பவர் அரியர். 2015 டிசம்பர் 1ஆம் நாள் செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு ஏறத்தாழ 29,000 கன அடி நீர் அடையாற்றில் விடப்பட்டபோது சென்னை பேசியது மதகைத் திறந்த நேரத்தைப் பற்றி. மேலேரிகளின் நீர்ப்பிடிப்பில் கால் நூற்றாண்டாகக் கட்டப்பட்டவற்றைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு.

விளையாட்டின் விதிகளை ஆர்வலர்கள் திருத்தி அமைக்க இயலும் என்பதால், இத்திறனாய்வைச் சோதித்துப் பார்க்கவும் வழியுண்டு. ஏரியை ஆடுபவரே வெட்டும் கட்டமாக்க வேண்டும். ஒரே நீர்த்தொடரில் மேலே ஒரு நகரம் எழுந்தால் கீழ் நகரின் வரம்பு ஐந்திலிருந்து இறங்க வேண்டும், அந்நகரம் யாருடையதாயினும். கலங்கலின் உயரத்தை இரு நகரங்களும் பேசித் தீர்க்க வேண்டும். தீராவிடில் கரை உடையும் வாய்ப்பு ஆண்டுதோறும் கூடவேண்டும். இதற்கான தரவு கற்பனையில் தேடவேண்டியதன்று. 1767 முதல் 1774 வரை பர்னார்டு நடத்திய செங்கற்பட்டு அளவீட்டில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களின் நிலமும் நீர்நிலைகளும் ஊர்வாரியாகப் பதிவாகியுள்ளன. திருப்பெரும்புதூரைச் சுற்றிய ஊர்களை மட்டும் எடுத்துக்கொண்டு அத்தகைய வரைபடம் ஒன்றை அமைக்கத் தமிழ்த் துறையும் கணினித் துறையும் ஒரே கல்லூரியில் இருந்தாலே போதும்.